ஒரே பீரங்கியோடு 2 ஜப்பான் கப்பல்களை எதிர்த்த மைன்ஸ்வீப்பர்: எச்எம்ஐஎஸ் பெங்கால் கதையும், ஆவடி முதல் பூந்தமல்லி வரை தொடும் இன்றைய கேள்வியும்

ஆவடி டேங்க் ஃபேக்டரி பக்கம் போய் வருபவர்களுக்கு அர்ஜுன் டாங்கி புதிய விஷயம் அல்ல. அதன் புதிய வடிவமான அர்ஜுன் எம்கே-1ஏ டாங்கியை 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் மோடி ராணுவத்திடம் ஒப்படைத்தார். அந்த டாங்கியின் முன்பக்கம் பொருத்தும் ஒரு கருவி பார்ப்பதற்கு அப்படியே ஏர்க்கலப்பை மாதிரி இருக்கும். டாங்கி நகர நகர, அது மண்ணைக் கிளறி, புதைத்து வைத்த கண்ணிவெடிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். பின்னால் வரும் வண்டிகளுக்குப் பாதை கிடைக்கும்.

சரி, தரையில் கலப்பை இருக்கிறது. கடலில் கண்ணிவெடி வைத்தால் யார் போய் எடுப்பது?

அதற்கென்றே இருக்கும் கப்பலின் பெயர்தான் மைன்ஸ்வீப்பர். கண்ணிவெடி அகற்றும் கப்பல். சின்னக் கப்பல், மெதுவான கப்பல், பேப்பரில் பெயர் வராத கப்பல். ஆனால் 1942இல் இந்தியப் பெயர் தாங்கிய ஒரு மைன்ஸ்வீப்பர், தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களை நடுக்கடலில் எதிர்த்து நின்றது. அந்தக் கப்பல் எது, அன்றைக்கு என்ன நடந்தது, அந்தப் பாரம்பரியம் உள்ள இந்தியக் கடற்படையில் இன்று ஒரு மைன்ஸ்வீப்பர்கூட ஏன் இல்லை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மைன்ஸ்வீப்பர் என்ன வேலை செய்யும்?

கடல் கண்ணிவெடியில் பல வகை உண்டு. பழைய வகை, உருண்டையாக, மேலே கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். கீழே கடல் தரையில் ஒரு கனமான நங்கூரம் இருக்கும். அதிலிருந்து கம்பியில் கட்டப்பட்டு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று அடியில் அந்த உருண்டை மிதந்துகொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கப்பலின் அடிப்பகுதி கொம்பில் இடித்தால், உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பி உடையும். அதில் உள்ள திரவம் மின்சாரத்தை உண்டாக்கி வெடிக்க வைக்கும்.

இதை எடுக்கும் முறை கேட்க எளிமையாக இருக்கும். மைன்ஸ்வீப்பர் தன் பின்னால் ஒரு நீளமான இரும்புக் கம்பியை இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கம்பி நேராகப் பின்னால் வராமல் பக்கவாட்டில் விரிந்து வரும்படி, அதன் நுனியில் பலகை போன்ற ஒரு கருவியும் மிதவையும் இருக்கும். நம் ஊர் மீனவர்கள் இழுவலையின் வாயை விரித்துப் பிடிக்கப் பலகை கட்டுவார்களே, கிட்டத்தட்ட அதே யோசனைதான். கம்பியில் ஆங்காங்கே வெட்டும் கருவிகள் இருக்கும். கண்ணிவெடியைக் கட்டியிருக்கும் கம்பி இதில் சிக்கினால் அறுந்துவிடும். உருண்டை மேலே வந்து மிதக்கும். பிறகு தூரத்தில் நின்று துப்பாக்கியால் சுட்டு அதை முடித்துவிடுவார்கள்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது ஜெர்மனி வேறு ஒரு வகையைக் கொண்டுவந்தது. அது காந்தக் கண்ணிவெடி. கடல் தரையில் சும்மா கிடக்கும். இரும்புக் கப்பல் மேலே வந்தால், அந்த இரும்பின் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும். இதை அறுக்கக் கம்பியே கிடையாது. அதனால் கப்பலுக்குப் பின்னால் மின்சாரக் கேபிள்களை இழுத்துக்கொண்டு போய், அதில் மின்சாரம் பாய்ச்சி, ஒரு பெரிய கப்பல் வருவதுபோல ஏமாற்றி வெடிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு கப்பல் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டு வெடிக்கும் வகையும் வந்தது.

ஆக, மற்ற கப்பல்கள் போக அஞ்சும் இடத்துக்கு முதலில் போவதுதான் மைன்ஸ்வீப்பரின் தினசரி வேலை.

சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

‘அவன் சரியான எம்டன்’ என்று யாரையாவது சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல் வந்தது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலிலிருந்து. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற அந்தக் கப்பல் மெட்ராஸ் கடற்கரைக்கு வந்து குண்டு வீசியது. துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் தீப்பற்றி எரிந்தன. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்து அடித்துவிட்டுத் தப்பிப் போனதால், அதன் பெயரே தமிழில் ஒரு சொல்லாகத் தங்கிவிட்டது.

அந்த எம்டன் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1914 நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதை அடித்து நொறுக்கியது. இந்தத் தீவுகளின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை மறுபடி அந்தப் பக்கம்தான் போகப் போகிறது.

எம்டனுக்குப் பிறகு வந்தது இன்னொரு ஜெர்மன் கப்பல், வோல்ஃப். பார்க்கச் சரக்குக் கப்பல் மாதிரி இருந்த அது, 1917 பிப்ரவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே ரகசியமாகக் கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போனது. கொழும்புக்கு அருகே வொர்செஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற கப்பல்கள் மூழ்கின. சில மாதம் கழித்து பம்பாய் அருகே மங்கோலியா என்ற பயணிகள் கப்பலும் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. போட்டுவிட்டுப் போன கப்பல் எங்கேயோ போய்விட்டது, வெடி மட்டும் காத்திருந்தது. கடல் கண்ணிவெடியின் ஆபத்தே இதுதான்.

1942: மெட்ராஸ் காலியான வருஷம்

அடுத்த போர் வந்தபோது மெட்ராஸின் பயம் இன்னும் நெருக்கமாக இருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது.

‘அடுத்தது மெட்ராஸ்தான்’ என்ற பேச்சு பரவியது. அவசியம் இல்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறலாம் என்று அரசே அறிவித்தது. பல அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு இடம் மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. மூட்டை முடிச்சோடு ரயிலிலும் மாட்டுவண்டியிலும் குடும்பங்கள் மேற்கு நோக்கிக் கிளம்பின.

சென்னையின் மேற்கு, வடமேற்குப் புறநகர்கள் போரின் பின்பகுதியாக மாறியதும் இந்தக் காலத்தில்தான். ஆவடியில் ராணுவ முகாம் வந்தது. சோழவரத்தில் விமான ஓடுதளம் போடப்பட்டது. பிற்காலத்தில் கார், பைக் ரேஸ் நடந்த சோழவரம் டிராக் அந்த ஓடுதளம்தான். அம்பத்தூர், ஆவடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் செங்குன்றம் ஏரியில், தண்ணீரில் இறங்கி ஏறும் கேட்டலினா என்ற விமானங்கள் நிறுத்தப்பட்டன. பிரிட்டிஷ் விமானப்படையின் அந்த விமானங்கள் அங்கிருந்து கிளம்பி, வங்கக்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் கப்பல்களுக்குக் காவலாகச் சுற்றி வந்தன. இன்று சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி, அன்று கடற்போருக்கு ஒரு விமானத்தளம்.

விமானம் மேலிருந்து பார்க்கும். ஆனால் கப்பலுக்குப் பக்கத்திலேயே துணையாகப் போக இன்னொரு கப்பல் வேண்டும். போதுமான கப்பல்கள் இல்லை. அந்த நெருக்கடியில்தான் மைன்ஸ்வீப்பர்களுக்குக் காவல் வேலையும் சேர்ந்து வந்தது.

பெங்கால் எப்படிப்பட்ட கப்பல்?

போர்க்காலத்தில் ஆஸ்திரேலியா பாத்தர்ஸ்ட் ரகம் என்று ஒரே மாதிரியான 60 சின்னக் கப்பல்களைக் கட்டியது. கண்ணிவெடி எடுக்கணும், நீர்மூழ்கியைத் தேடணும், சரக்குக் கப்பலுக்குத் துணை போகணும் என்று எல்லா வேலைக்கும் ஒரே கப்பல். அதில் 4 கப்பல்கள் அன்றைய ராயல் இந்தியன் நேவிக்காகக் கட்டப்பட்டன. அவற்றுக்கு வைத்த பெயர்கள்: மெட்ராஸ், பம்பாய், பெங்கால், பஞ்சாப். ஆமாம், எச்எம்ஐஎஸ் மெட்ராஸ் என்றும் ஒரு மைன்ஸ்வீப்பர் இருந்தது.

இதில் எச்எம்ஐஎஸ் பெங்கால் சிட்னியில் கட்டப்பட்டு, 1942 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. நீளம் சுமார் 57 மீட்டர். ஆவடி லோக்கல் ரயிலின் மூன்று பெட்டி நீளம்கூட வராது. வேகம் சுமார் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். முன்பக்கம் ஒரே ஒரு சின்ன பீரங்கி. கூடவே விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள். அவ்வளவுதான்.

கேப்டன் லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் ஜோசப் வில்சன். மாலுமிகளில் பெரும்பாலானோர் இந்தியர்கள். கப்பலும் புதுசு, அந்தக் கப்பலில் சேர்ந்து வேலை செய்த அனுபவமும் புதுசு. ஆஸ்திரேலியாவிலிருந்து முதன்முறையாக இந்தியப் பக்கம் கொண்டுவரும் பயணத்திலேயே அந்தச் சண்டை வந்துவிட்டது. பெங்கால் அதுவரை தன் சொந்தத் துறைமுகத்தைப் பார்த்ததே இல்லை.

1942 நவம்பர் 11: என்ன நடந்தது?

நவம்பர் 5 அன்று ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில் துறைமுகத்திலிருந்து பெங்கால் கிளம்பியது. அதன் காவலில் ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பல் வந்தது. போக வேண்டிய இடம் இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் டியகோ கார்சியா. ஒண்டினாவின் டேங்குகளில் எண்ணெய் இல்லை, காலியாகப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் வில்லம் ஹார்ஸ்மன். அதன் பின்பக்கம் ஒரு 4 அங்குல பீரங்கி, கையில் இருந்த குண்டுகள் 32.

நவம்பர் 11 மதியத்துக்குச் சற்று முன், கோக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் பின்னால் இன்னொன்று. எம்டன் வீழ்ந்த தீவுகளுக்கு அப்பால், கிட்டத்தட்ட அதே தேதியில், 28 வருஷம் கழித்து.

வந்தவை ஹொகொகு மாரு, ஐகொகு மாரு என்ற ஜப்பானியக் கப்பல்கள். ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். பயணிகளையும் சரக்கையும் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டு, பிறகு பெரிய பீரங்கிகள், டார்பிடோ குழாய்கள், கடல் விமானம் எல்லாம் பொருத்தி வேட்டைக் கப்பல்களாக மாற்றப்பட்டவை. வேகம் 21 நாட். அந்த ஆண்டில் ஏற்கெனவே ஜெனோட்டா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலையும், ஹவுராக்கி என்ற நியூசிலாந்துக் கப்பலையும் இந்த ஜோடி பிடித்துக்கொண்டு போயிருந்தது. எண்ணெய்க் கப்பல் கிடைத்தால் அவர்களுக்கு லாட்டரி மாதிரி.

ஒண்டினாவின் வேகம் 12 நாட்தான். ஓடித் தப்ப வழியே இல்லை. வில்சன் ஒண்டினாவை விலகிப் போகச் சொல்லிவிட்டு, பெங்காலை நேராக எதிரியின் பக்கம் திருப்பினார். எதிரியின் கவனம் தன் மீது விழட்டும், அதற்குள் எண்ணெய்க் கப்பல் கொஞ்ச தூரமாவது போகட்டும் என்பதுதான் கணக்கு. காவல் கப்பலின் கடமை அது. ஆனால் எதிரே வருவது என்ன அளவு என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் திருப்புவது வேறு விஷயம்.

ஒண்டினாவும் முழுசாக விலகிப் போகவில்லை. ஓடினாலும் பிடித்துவிடுவார்கள் என்று ஹார்ஸ்மனுக்குத் தெரியும். தன் ஒரே பீரங்கியால் அவரது ஆட்களும் சுடத் தொடங்கினார்கள்.

இரண்டு சின்ன பீரங்கிகள் ஒரு பக்கம், பெரிய பீரங்கிகளின் வரிசை மறுபக்கம். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத அந்தக் குண்டு விழுந்தது. ஹொகொகு மாருவின் வலப்பக்க டார்பிடோ குழாய்ப் பகுதியில் பட்டது. அங்கிருந்த டார்பிடோக்கள் வெடித்தன. தீ பரவியது, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. சிறிது நேரத்தில் வெடிமருந்துக் கிடங்கும் வெடிக்க, ஹொகொகு மாரு மூழ்கியது. அதன் கேப்டன் உட்பட 76 பேர் இறந்தார்கள்.

ஆனால் சண்டை முடியவில்லை. ஐகொகு மாரு முழு பலத்தோடு இருந்தது. பெங்காலின் மீதும் குண்டு பட்டிருந்தது. கையில் இருந்த குண்டுகள் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டன. புகைத்திரை போட்டுக்கொண்டு பெங்கால் விலகியது. திரும்பிப் பார்த்தபோது ஒண்டினா தாக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அது மூழ்கிவிடும் என்றே பெங்காலில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

மூழ்காத ஒண்டினா

ஒண்டினாவிலும் குண்டுகள் தீர்ந்தன. கேப்டன் ஹார்ஸ்மன் குண்டு பட்டு இறந்தார். வெள்ளைக்கொடி காட்டிவிட்டு, மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் இறங்கினார்கள். ஐகொகு மாரு அருகே வந்து இரண்டு டார்பிடோக்களை ஒண்டினாவின் மீது பாய்ச்சியது. பிறகு படகுகளில் இருந்தவர்களை நோக்கி மெஷின் கன்னால் சுட்டது. கேப்டனோடு சேர்த்து ஒண்டினாவில் இறந்தவர்கள் 5 பேர்.

ஒண்டினா சாய்ந்தது, எரிந்தது. எப்படியும் மூழ்கிவிடும் என்று ஐகொகு மாரு தன் ஜோடிக் கப்பலில் இருந்து தப்பியவர்களைத் தூக்கப் போனது. திரும்பி வந்து இன்னொரு டார்பிடோவை விட்டது. அது குறி தவறியது. அதோடு அது கிளம்பிப் போய்விட்டது.

ஒண்டினாவைக் காப்பாற்றியது அதன் காலி டேங்குகள். எண்ணெய் நிரம்பியிருந்தால் அங்கேயே எரிந்து முடிந்திருக்கும். காலியாக இருந்ததால் மிதந்துகொண்டே இருந்தது. படகுகளில் இருந்தவர்கள் மறுபடி கப்பலில் ஏறி, தீயை அணைத்து, சாய்வைச் சரிசெய்து, எஞ்சினைக் கிளப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 18 அன்று ஒண்டினா ஃப்ரீமான்டில் துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தது.

அதற்கு முந்தைய நாள்தான் பெங்கால் டியகோ கார்சியாவை அடைந்து, ‘ஒண்டினா போய்விட்டது’ என்று தகவல் சொல்லியிருந்தது. பெங்காலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்தக் குண்டு யாருடையது?

80 வருஷத்துக்கும் மேலாக ஓயாத விவாதம் இது. ஹொகொகு மாருவை மூழ்கடித்த குண்டு பெங்காலுடையதா, ஒண்டினாவுடையதா?

போர்க்காலத்தில் இந்தியத் தரப்பு பெருமையோடு சொன்னது பெங்காலின் பெயரை. குட்டி மைன்ஸ்வீப்பர் ஒன்று பெரிய கப்பலை மூழ்கடித்தது என்பது அன்றைய பிரசாரத்துக்கும் ஏற்ற செய்தி. ஆனால் ஒண்டினாவின் பீரங்கி பெரியது, அதன் குண்டுதான் பட்டிருக்க வேண்டும் என்று டச்சுத் தரப்பு சொன்னது. பின்னாளில் இதை ஆராய்ந்தவர்களில் பலர் ஒண்டினா பக்கம்தான் சாய்கிறார்கள்.

அப்படின்னா பெங்காலின் பெருமை குறைந்துவிடுமா? நடந்ததை வரிசையாகப் பார்த்தால் பதில் கிடைக்கும். பெங்கால் எதிரியை நோக்கித் திரும்பியதால், இரண்டு வேட்டைக் கப்பல்களின் பீரங்கிகளும் ஒரே இலக்கின் மீது குவியவில்லை. ஒண்டினாவின் ஆட்களுக்குக் குறிபார்க்கக் கிடைத்த நிமிஷங்கள் அப்படி வந்தவை. குறி தப்பாமல் அடித்தது எந்தக் கப்பலாக இருந்தாலும், அந்த வாய்ப்பு கிடைத்ததில் பெங்காலுக்குப் பங்கு உண்டு.

வில்சனுக்கு டிஎஸ்ஓ பதக்கம் கிடைத்தது. இந்திய மாலுமிகள் சிலருக்கும் வீரப் பதக்கங்கள் கிடைத்தன. ஹார்ஸ்மனுக்கு மறைவுக்குப் பின் நெதர்லாந்தின் உயரிய ராணுவ விருது வழங்கப்பட்டது. தப்பிப் போன ஐகொகு மாரு, 1944 பிப்ரவரியில் பசிபிக்கின் ட்ரக் தீவில் அமெரிக்க விமானத் தாக்குதலில் அழிந்தது. இந்தியா குடியரசானதும் பெங்கால் ஐஎன்எஸ் பெங்கால் ஆகி, 1960இல் ஓய்வு பெற்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு கண்ணிவெடி ஆபத்து வந்ததா?

வந்தது. 1971 போரின்போது ஐஎன்எஸ் விக்ராந்தைத் தேடியும், விசாகப்பட்டினத்துக்கு வெளியே கண்ணிவெடி போடவும் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வங்கக்கடலுக்குள் வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி அது வெடித்து மூழ்கியது. ஐஎன்எஸ் ராஜ்புத் மூழ்கடித்தது என்பது இந்தியாவின் நிலைப்பாடு. தான் போட்ட கண்ணிவெடியிலேயே சிக்கியிருக்கலாம் என்பது பாகிஸ்தான் தரப்பில் சொல்லப்படும் விளக்கம். எதுவாக இருந்தாலும், சென்னையிலிருந்து அதிக தூரம் இல்லாத ஒரு துறைமுகத்தின் வாசலில் கண்ணிவெடியோடு ஒரு நீர்மூழ்கி நின்றது என்பது உண்மை.

அதே போரில் வங்கதேசத்தின் சிட்டகாங் துறைமுகத்துக்கு வெளியே பாகிஸ்தான் கண்ணிவெடிகளைப் போட்டிருந்தது. போர் இரண்டு வாரத்தில் முடிந்தது. ஆனால் அந்தக் கடலைச் சுத்தப்படுத்த சோவியத் கடற்படை 1972இல் வந்து, 1974 வரை வேலை செய்ய வேண்டியிருந்தது. புதிதாகப் பிறந்த ஒரு நாட்டின் முக்கியத் துறைமுகம் அத்தனை காலம் பயத்தோடுதான் இயங்கியது.

இன்று இந்தியாவிடம் எத்தனை மைன்ஸ்வீப்பர்?

பூஜ்ஜியம்.

1970களின் கடைசியிலிருந்து 1988 வரை இந்தியா சோவியத் யூனியனிலிருந்து 12 மைன்ஸ்வீப்பர்களை வாங்கியது. ஐஎன்எஸ் பாண்டிச்சேரி, ஐஎன்எஸ் கடலூர் என்று நம் ஊர்ப் பெயர்களும் அதில் இருந்தன. வயதாகி ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. கடைசியாக இருந்த ஐஎன்எஸ் கோழிக்கோடு 2019 ஏப்ரலில் விடைபெற்றது. அதன் பிறகு அந்த இடம் காலி.

மாற்றுக் கப்பல் கட்ட முயற்சி நடக்காமல் இல்லை. கோவா ஷிப்யார்டில் தென்கொரிய நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 12 கப்பல்கள் கட்டுவதாகப் பேச்சு பல வருஷம் ஓடியது. 2018இல் அது கைவிடப்பட்டது. 2025 ஜூலையில் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில், கண்ணிவெடி எதிர்ப்புக் கப்பல்கள் வாங்கத் தேவை இருப்பதை ஏற்று முதல்கட்ட ஒப்புதல் தந்தது. ஆனால் இது முதல் படிதான். டெண்டர், விலை, ஒப்பந்தம், கட்டுமானம், சோதனை என்று நீளமான வழி இன்னும் இருக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. கண்ணிவெடி தயாரிப்பதில் இந்தியா பின்தங்கவில்லை. 2025 மே மாதம் டிஆர்டிஓவும் கடற்படையும் சேர்ந்து, கடல் தரையில் கிடந்து கப்பலை உணர்ந்து வெடிக்கும் புதிய ரகக் கண்ணிவெடியை வெற்றிகரமாகச் சோதித்தன. ஆவடியில் டாங்கிகளை வடிவமைக்கும் சிவிஆர்டிஇ ஆய்வகமும் அதே டிஆர்டிஓவின் கீழ்தான் வருகிறது. தரையில் கண்ணிவெடியை ஒதுக்கும் கலப்பையைப் பொருத்தும் டாங்கி ஆவடியில் தயாராகிறது. கடலில் போடும் கண்ணிவெடியும் இந்தியாவிலேயே தயாராகிறது. கடலில் போட்டதை எடுக்கும் கப்பல் மட்டும் இல்லை.

புதிய கப்பல்கள் பழையவை மாதிரி இருக்குமா?

இருக்காது. பெங்கால் காலத்தில் கப்பலே ஆபத்தான தண்ணீருக்குள் போய்த் துழாவ வேண்டும். இப்போதைய கப்பல்கள் கொஞ்சம் தள்ளியே நிற்கும். சோனார் வழியாகக் கடல் தரையைப் பார்த்து, சந்தேகமான பொருளை முதலில் அடையாளம் காணும். பிறகு ஆளில்லாச் சின்ன வாகனத்தைத் தண்ணீருக்குள் அனுப்பி, அதன் கேமரா மூலம் உறுதி செய்து, அங்கேயே வெடிக்க வைக்கும். கப்பலின் உடலையும் பெரும்பாலும் மரத்தாலோ ஃபைபராலோ கட்டுவார்கள். காந்தக் கண்ணிவெடி உணராமல் இருக்க அந்த ஏற்பாடு. அதனால்தான் சாதாரண போர்க்கப்பல் கட்டுவதைப்போல இதை எல்லா ஷிப்யார்டும் கட்டிவிட முடியாது.

அம்பத்தூரில் இருப்பவர் ஏன் கவலைப்படணும்?

கடல் அம்பத்தூரிலிருந்து தெரியாது. ஆனால் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு வரும் இறக்குமதி உதிரிபாகம், சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் வருகிறது. பூந்தமல்லி சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள் போவதும் வருவதும் அங்கேதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் கார்கள் வெளிநாடு போவதும் கடல் வழியே. மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. ஆவடியில் பெட்ரோல் பங்கில் நிற்கும் பைக்குக்கும் அந்த எண்ணெய்க் கப்பலுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

ஒரு துறைமுகத்தை முடக்க நூறு கண்ணிவெடி தேவையில்லை. இரண்டு மூன்று வெடித்து, இன்னும் எத்தனை இருக்கிறது என்று தெரியாத நிலை வந்தாலே போதும். எந்தக் கப்பல் கேப்டனும் உள்ளே வர மாட்டார், எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் சம்மதிக்காது. யாராவது ஒருவர் போய், ‘இந்த வழி சுத்தம், வரலாம்’ என்று சொல்ல வேண்டும். 1917இல் கொழும்பும், 1972இல் சிட்டகாங்கும் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

1942இல் மெட்ராஸை விட்டு மேற்கே கிளம்பிய குடும்பங்களுக்கு, பெங்கால் என்றொரு கப்பல் இருப்பதே தெரிந்திருக்காது. எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக அன்று ஒரு மைன்ஸ்வீப்பராவது இருந்தது. 2025 ஜூலையில் கிடைத்த ஒப்புதல் எப்போது ஒப்பந்தமாகும், முதல் கப்பல் எந்த வருஷம் தண்ணீரில் இறங்கும் என்பதுதான் இனி கவனிக்க வேண்டிய செய்தி.